சைகோன் கசப்பு

போன மாதம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க, முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த மருந்தகத்துக்கே போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் பெண்கள் இருவரும் என்னை மேசைக்கு உட்பக்கம் அழைத்து உட்காரவைத்தார்கள். வெளியாள் மாதிரி நின்று மருந்து வாங்க எனக்கும் தெரியவில்லை. பாரீசிலிருந்து வந்த மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பெரியவள் என் கையில் வைத்தாள். மேலே விசிறி போல ஓர் இலை. சீன தேசத்து மரமாம். ஞாபகத்துக்கு நல்லதாம்.

"அக்கா, நீங்க அப்பவே சீனாக்காரன் மருந்து காய்ச்சினீங்களாமே? அது வேலை செஞ்சுதா?"

"அவ புருஷனுக்குத்தான் கேக்குறா. கல்யாண நாளையே மறந்துட்டாராம்" என்றாள் சின்னவள்.

"மறக்கல. மறந்த மாதிரி இருக்காரு. அதுக்கு மாத்திரை இருக்கான்னுதான் கேக்குறேன்."

மூவரும் சிரித்தோம். ஆனால் வேலை செய்ததா என்ற கேள்வி என்னோடு கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்து வந்தது. வெயில் தாழ்ந்து, தண்ணீர் ஈயம் பூசிய தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் உண்டு.

நான் ஆலைத் தொழிலாளியின் மகள். பதினேழு வயதில் புட்டி கழுவச் சேர்ந்தேன். ஆறு வருஷம் கண்ணாடி, பிறகு மருந்து அரைக்கும் கல்வம், பிறகு தராசு. இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். எல்லாம் மழைநாள் ஜன்னல் வழியே பார்த்த தெருபோல மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. தெளிவாக இருப்பவர் முசே அந்துவான், எங்கள் முதலாளி.

தமிழர்தான். பிரான்சில் மருந்துப் படிப்பு படித்துவிட்டு வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை முசே என்போம். அவர்கள் வீட்டுப் பெண்களை மதாம் என்போம். ஒரு புட்டியை எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று லேபிளை மூன்று தரம் வாய்விட்டுப் படிப்பார். தராசு முள் ஆடி நிற்கும்வரை கடையில் யாரும் பேசக்கூடாது; வாடிக்கையாளர்கூட வாயை மூடிக்கொண்டு நிற்பார். நாங்கள் கலக்கிய எதுவும், அவர் இடதுகை சுண்டுவிரல் நகத்தில் ஒரு சொட்டு எடுத்து ருசி பார்க்காமல் வெளியே போகாது. யாரையும் திட்டியதில்லை. தவறு நடந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலை மட்டும் மடக்கி மேசைமேல் வைப்பார். அந்த மடங்காத இன்னொரு காலைப் பார்த்தால் நான் கலக்கியதைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

வியட்நாமில் சண்டை முடிந்து சைகோன் கைமாறிய வருஷம் அது. ஐப்பசி மழை. வாய்க்கால் ஓரத்து வீடுகளின் மஞ்சள் சுவரெல்லாம் ஊறி, தேன் நிறமாகியிருந்தது. மதாம் லான் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, கப்ரால் பதவியில் இருந்த சூசை, வியட்நாமில் கல்யாணம் செய்து அழைத்துவந்த மனைவி இவள். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்து, எங்கள் தெருத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். சொல் முடியும் இடத்தில் மட்டும் குரல் ஒரு படி ஏறும், அல்லது இறங்கும்.

பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"முசே, அவருக்கு மறதி வந்துடுச்சி. எங்க ஊர்ல சீன வைத்தியர் கட்டிக் குடுத்தது இது. மூளைக்கு. வாயில ஊத்துனா துப்புறாரு. பாதி சட்டையில, பாதி செவுத்துல. ஒரு சொட்டுகூட வீணாவக் கூடாது. எதாச்சும் பண்ணுங்க."

"இதுல என்னென்ன இருக்கு, மதாம்?"

"அது வைத்தியருக்குத் தெரியும்."

"என்னன்னு தெரியாதத என் பாத்திரத்துல போட மாட்டேன்."

"ஒம்பது பொட்டலம் என் தங்கச்சி அனுப்பினா. அதோட சரி. கடுதாசியும் இல்ல, அவளும் எங்க இருக்கான்னு தெரியல. ரெண்டு பொட்டலம் துப்பியே போச்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "முசே, எங்க ஊர்ப் பொம்பளைங்க இங்க நாலஞ்சி பேரு இருந்தோம். எல்லாம் புள்ளைங்களோட பிரான்சுக்குப் போயிட்டாங்க. என் புள்ளைங்களுக்குத் தமிழ் தெரியும், பிரெஞ்சு தெரியும், என் பாஷை தெரியாது. இந்த ஊர்ல என்கூட என் பாஷை பேச அவரு ஒருத்தர்தான். அவரு மறந்தா நான் யார்கிட்ட பேசுவேன்?"

முசே வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்துப் பொட்டலத்தைப் பிரித்தார். மழைக்கால அறைக்குள் வேறொரு மழைக்காலம் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. ஈர மரம், புகை, பழைய அலமாரி. சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் குவியல் குவியலாகப் பிரித்தார். அதிமதுரத்தையும் காய்ந்த இஞ்சியையும் உடனே கண்டுகொண்டார். தேங்காய்ச் சில்லுபோல வெள்ளையாக ஒன்று. சுருங்கிய சிவப்புப் பழங்கள். கோழிக்கால் விரல்போல மஞ்சள் வேர். நடுவில் ஒன்றுமில்லாத, குழல் போன்ற ஒரு சுருக்க வேர்.

"இது வசம்பு மாதிரி இருக்கு, முசே" என்று இன்னொன்றைக் காட்டினேன்.

"மாதிரின்னு ஒரு மருந்து கிடையாது, பாக்கியம்."

மதாம் லான் குழல் வேரை விரலால் தொட்டாள். "இதுக்குள்ள நரம்பு இருக்கும். அத உருவிடணும். இருந்தா மனசு அலையும்னு சொல்வாங்க." பிறகு மஞ்சள் வேர். "இதுதான் கசப்பு. இதாலதான் துப்புறாரு."

முசே வெகுநேரம் அந்தக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுத் தீவுகள் உள்ள ஒரு வரைபடத்தைப் பார்ப்பதுபோல இருந்தது அது.

"அலோர்" என்றார் கடைசியில். அப்படியானால் சரி என்று அர்த்தம். "மருந்து உங்களோடது, மதாம். இனிப்பு மட்டும் எங்களோடது."

இனிப்பு என்றால் நான். எங்கள் மருந்தகத்தில் நாரத்தைத் தோல் பாகு என் கைவேலை. பேதிமருந்தையும் குவினைனையும் அதற்குள் ஒளித்து எத்தனையோ குழந்தைகளை ஏமாற்றியிருக்கிறேன். மதாம் லான் சொன்ன அளவிலேயே காய்ச்சினேன். மூன்று கிண்ணம் நீர் ஊற்றி, ஒரு கிண்ணத்துக்கும் சற்றுக் குறையும் வரை சுண்ட வேண்டும்; அவர்கள் ஊர்க் கணக்கு. துணியில் பிழிந்து, காகிதத்தில் வடித்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சர்க்கரையைக் கரைத்தேன். கண்ணாடி மிதவைக் கோலைப் போட்டுப் பதம் பார்த்தேன். நாரத்தைத் தோல் சாற்றைக் கடைசியில், ஆறின பிறகு விட்டேன். பழுப்புப் புட்டியில் வெளிச்சம் பட்டபோது செம்பு நிறத்தில் ஒரு சாயங்காலம் உள்ளே அடைபட்டிருந்தது.

முசே முதலில் பாகு சேர்க்காத கஷாயத்தை நகத்தில் எடுத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு பாகைச் சேர்த்ததை ருசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிராவோ. இவ்வளவு கசப்ப நோயாளிகிட்ட காட்டுறது மரியாதையில்ல."

லேபிளில் மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், 'கொண்டுவந்தவர் அறிவார்' என்று எழுதச் சொன்னார். அப்படி ஒரு லேபிளை அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

வாரம் ஒரு பொட்டலம், ஒரு புட்டி. ஐந்து வாரம், ஐந்து புட்டி. ஒவ்வொரு முறையும் மதாம் லான் வந்து வாங்கிப் போவாள். "குடிக்கிறாரா?" என்பேன். "குடிக்கிறாரு" என்பாள். முதல் வாரம் சிரித்தபடி சொன்னாள். மூன்றாம் வாரம் குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்த வித்தியாசம் பட்டிருக்க வேண்டும். படவில்லை. என் பாகின் நிறத்திலேயே மயங்கிக் கிடந்தேன்.

ஐந்தாவது புட்டி தீர்ந்த மறுநாள் வந்தாள். புட்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள்.

"இனிமே வேணாம், பாக்கியம்."

"ஏன் மதாம்? துப்புறாரா?"

"துப்பல. ஒக்காந்து, சமத்தா, டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக் குடிக்கிறாரு. குடிச்சிட்டு 'மெர்சி, மதாம்'னு நன்றி சொல்றாரு. எனக்கு! ஆஸ்பத்திரில நர்சம்மாகிட்ட சொல்வாங்களே, அப்பிடி."

முசே உள்ளறையிலிருந்து வந்து நின்றார்.

"முன்னாடி துப்புவாரு முசே. துப்பிட்டு என் பாஷையில திட்டுவாரு. பட்டாளத்துத் திட்டு, கப்பல்காரன் திட்டு, எல்லாம் வரும். நான் திருப்பித் திட்டுவேன். திட்டித் திட்டி எங்க ஆறு வரும், எங்க வீடு வரும், என் தம்பி வருவான். அந்த நாள் பூரா பேசுவோம். இந்த அஞ்சி வாரமா ஒரு வார்த்த இல்ல. மெர்சி, மெர்சி, மெர்சி."

முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காலை மடக்கினார். மேசைமேல் வைத்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தார்.

"துப்புனா என்ன ஆவுதுன்னு நாம கேக்கவே இல்ல, பாக்கியம்" என்றார்.

கசப்பை மறைப்பது எங்கள் தொழிலில் பாதி. அந்தப் பாதியை எந்தக் கேள்வியும் இல்லாமல் செய்துவிட்டோம். மருந்தைக் கெடுத்தோமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வேர்கள் சர்க்கரைக்குள்ளும் தங்கள் வேலையைச் செய்திருக்கலாம். ஆனால் அவளுடைய வேலையை நாங்கள் கெடுத்துவிட்டோம்.

"பொட்டலம் மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. என்னமோ தோணி வீட்டுலயே வெச்சிக்கிட்டேன்."

பன்னிரண்டு மணிக்குக் கடை அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்போம். அந்த மத்தியான நேரத்தில் எங்கள் ஊர் முழுக்க ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் கிடக்கும். அப்போது அவள் வீட்டுக்குப் போனேன். மண்சட்டியில் மூன்று கிண்ணம் நீர், கரி அடுப்பு. கூடத்தில் கப்ரால் சூசை சாய்வு நாற்காலியில், சவரம் செய்த முகமும் வெள்ளை பனியனுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "பொன்ழூர், மதாம்" என்று குனிந்து வணங்கினார். தலையைப் பார்த்தால் அத்தனை ஒழுங்கு. உள்ளே யாருமில்லாத வீட்டில் வாசல் கூட்டிக் கோலம் போட்டது மாதிரி.

கஷாயம் சுண்ட ஒரு மணி நேரம் ஆனது. ஆவி சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து, ஜன்னல் கீற்றுகளில் ஏணி ஏணியாக நின்றது. மதாம் லான் கிண்ணத்தை அவர் உதட்டில் வைத்தாள்.

ஒரு மடக்கு. முகம் முழுக்கக் கசங்கியது. பிறகு அந்த மரியாதைக்காரர் எங்கே போனாரோ.

"சோய் ஒய்! டாங் குவா!"

ஐயோ கடவுளே, என்ன கசப்பு என்று அர்த்தமாம். தொடர்ந்து கொட்டிய மிச்சத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது என்று மதாம் லான் பிறகு சொன்னாள். கிண்ணத்தைத் தட்டிவிடப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலு மடங்கு வேகத்தில் திருப்பித் திட்டினாள். அவர் ஒன்று சொல்ல, அவள் பத்து சொல்ல, குரல்கள் ஏறி இறங்கி, அந்தச் சாத்திய வீட்டுக்குள் இரண்டு பறவைகள் புகுந்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"என் தம்பி இவரு சைக்கிள ஆத்துல தள்ளிட்டானாம்! முப்பது வருசமா இதே பாட்டு." அவள் கண் மின்னியது. "தள்ளுனது இவருதான். குடிச்சிட்டு!"

கப்ரால் என் பக்கம் திரும்பித் தமிழில், "இவ சொல்றத நம்பாதம்மா. குடும்பமே திருட்டுக் குடும்பம்" என்றார்.

அந்த இரண்டு பொட்டலங்களை இரண்டு வாரத்துக்கு இழுத்தோம். காய்ச்சிய சக்கையையே மறுநாள் காய்ச்சினாள், அதற்கும் மறுநாள் காய்ச்சினாள். நான் தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் இல்லை எனக்கு அங்கே. நீர் வெளுக்க வெளுக்கச் சண்டையும் வெளுத்தது. முதலில் தம்பி போனான். பிறகு சைக்கிள் போனது. ஆறு மட்டும் சிலநாள் ஓடியது. பதினாலாம் நாள் அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மெர்சி, மதாம்."

அவள் கிண்ணத்தைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

கசப்புதானே வேண்டும்? என் புத்தி அப்படித்தான் ஓடியது. எங்கள் ஊரில் கசப்புக்கா பஞ்சம்? நிலவேம்புக்கு மிஞ்சிய கசப்பு எது? மறுநாள் முசேயிடம் சொன்னேன். ஞாபகத்துக்கு அது மருந்தில்லை, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் என்றும் சொன்னேன். இல்லை என்பார் என்றுதான் நினைத்தேன். அவரே தராசை எடுத்தார். முள் நிற்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை. லேபிளையும் அவரே எழுதினார்: 'நிலவேம்பு. கசப்புக்காக.'

அன்று மத்தியானம் மதாம் லான் அதையும் மூன்று கிண்ணம் ஊற்றித்தான் காய்ச்சினாள். பாதி கிண்ணம் அவருக்குக் கொடுத்தாள். நான் கதவோரம் நின்றேன்.

ஒரு மடக்கு. முகம் கசங்கியது. அவள் முன்னால் குனிந்தாள், வாயைப் பார்த்துக்கொண்டு.

"ச்சீ! வேணாம்மா!" தமிழ். எட்டு வயசுப் பிள்ளையின் தமிழ். "எனக்கு ஒண்ணும் காய்ச்சல் இல்லம்மா... நான் இஸ்கூலுக்குப் போறேன்... மூக்கப் புடிக்காதம்மா!"

அவர் அவள் முந்தானையை, அவள் கட்டியிருந்த எங்கள் ஊர்ச் சேலையின் முந்தானையை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க ஊர் கசப்பு, பாக்கியம்" என்றாள். "இதுல நான் இல்ல."

ஜன்னல் கீற்றில் தூசி மிதந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. நான் என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்ததாகச் சொன்னால் அது பொய். மேசைக்குப் போனேன். மிச்சமிருந்த கஷாயத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு, தொண்டை, காதுக்குள்கூடக் கசந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"சோய் ஒய்!" என்றேன். "டாங் குவா!"

மதாம் லான் திரும்பினாள். என் வாயைப் பார்த்தாள்.

"டாங்" என்றாள் பிறகு. "மேல போவணும். நீ கீழ விழுற."

"டாங்."

"மேல!"

"டாங்!"

"உங்க முசேவோட தராசு மாதிரி ஆடாத. டாங்!"

நான் மறுபடி சொன்னேன். எதைத் தப்பாகச் சொன்னேனோ தெரியாது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். தமிழில் இல்லை. குரல் மாடிப்படியில் ஓடுகிற மாதிரி ஏறியது, சறுக்கியது, பாதியில் நின்று மறுபடி ஏறியது. என் பாகையும் ஐந்து புட்டிகளையும் திட்டினாளோ, தொலைந்துபோன தங்கையைத் திட்டினாளோ, சைக்கிளையோ, ஆற்றையோ. பழகிய சத்தம் கேட்டவர்போல கப்ரால் சூசை நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். நான் ஒரு வார்த்தை புரியாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்றரை மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்கும் வா" என்றாள். "கசப்பா எதாச்சும் கொண்டா."